செவ்வாயும் வியாழனும் பள்ளிக்கு வெளியே

அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலம் ரோட் ஐலண்ட். 1994-ல் அந்த மாநிலத்து வாக்காளர்கள், தலைநகர் பிராவிடன்ஸில் புதிய தொழிற்கல்விப் பள்ளி ஒன்று கட்ட 2.9 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். அவர்கள் மனதில் இருந்த படம் நமக்கும் பழக்கமானதுதான்: லேத் மெஷின்கள், வெல்டிங் கூடம், மோட்டார் ஷெட், தச்சுப் பட்டறை. இரண்டு ஆண்டு கழித்துத் திறந்த பள்ளியில் அப்படிப்பட்ட பட்டறை எதுவும் இல்லை. ஊரே பட்டறையாக இருக்கும்போது தனியாக ஒன்று எதற்கு என்று கேட்டார்கள் அதை நடத்த வந்தவர்கள். வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும், பிள்ளைகள் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கும் பேக்கரிக்கும் வக்கீல் அலுவலகத்துக்கும் நாடகக் கொட்டகைக்கும் போனார்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு தொழில்காரர் வழிகாட்டியாக இருந்தார்.

பள்ளியின் பெயர் நீளமானது: மெட்ரோபாலிட்டன் ரீஜனல் கரியர் அண்ட் டெக்னிக்கல் சென்டர். ஊர்க்காரர்களுக்கு அது வெறும் ‘மெட்’. உயர்நிலைப் பள்ளி மாணவரை வேலையிடத்துக்கு அனுப்பி, தன் ஆசை எந்தத் தொழிலில் என்று தானே கண்டுபிடிக்க வைக்கும் முறைக்குக் கல்வியாளர்கள் முதலில் சொல்லும் உதாரணம் இதுதான். ஆனால் யோசனை 1996-ல் பிறந்ததல்ல. அதற்கு முந்தைய தொண்ணூறு ஆண்டுகளில் அமெரிக்கா இதைப் பலமுறை கண்டுபிடித்திருக்கிறது, கொண்டாடியிருக்கிறது, பிறகு மறந்தும் போயிருக்கிறது. அந்த வரலாற்றைப் புரட்டினால் ஒரு ஆள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறார். பள்ளிக்கும் பட்டறைக்கும் நடுவே நடையாய் நடக்கும் ஒரு ஆசிரியர். அவர் இருந்த இடங்களில் திட்டம் உருப்பட்டது. அவரை விட்டுவிட்டுக் கம்பெனிகளின் பட்டியலை மட்டும் தயாரித்த இடங்களில் காகிதம்தான் மிஞ்சியது.

கதையின் தொடக்கம் பாஸ்டன் நகரின் நார்த் எண்ட் பகுதி. கப்பலேறி வந்த இத்தாலிய, யூதக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். அங்கிருந்த சிவிக் சர்வீஸ் ஹவுஸ் என்ற சமூக நிலையத்தில் 1908 ஜனவரியில் ‘வொகேஷன் பீரோ’ என்ற பெயரில் ஒரு சிறிய அலுவலகம் திறந்தது. பணம் கொடுத்தவர் பாலின் அகாசிஸ் ஷா என்ற செல்வச் சீமாட்டி. நடத்தியவர் ஃபிராங்க் பார்சன்ஸ். இந்தப் பார்சன்ஸ் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். ரயில்வேயில் வேலை பார்த்தார், இரும்பு ஆலையில் கூலியாக இருந்தார், பள்ளியில் பாடம் நடத்தினார், வக்கீலானார், சட்டப் புத்தகங்கள் எழுதினார், சட்டக் கல்லூரியில் விரிவுரையாளரானார், பாஸ்டன் மேயர் தேர்தலில் நின்று தோற்றார். தனக்கான வேலை எது என்று ஒரு முடிவுக்கு வராத மனிதர்தான், மற்றவர்கள் வேலை தேர்ந்தெடுப்பதை ஒரு கலையாக வளர்த்தார்!

வேலை தேடி வரும் இளைஞரிடம் அவர் நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் கேட்பார். உன்னை நீ எவ்வளவு அறிவாய், தொழில்களைப் பற்றி என்ன தெரியும், இரண்டையும் பொருத்திப் பார்த்தாயா என்பதே எல்லாவற்றுக்கும் அடிப்படை. அவர் எழுதியதில் ஒரு பத்தொன்பது வயதுப் பையன் வருகிறான். டாக்டராக வேண்டும் என்கிறான். உடம்பு நோஞ்சான், ஞாபகசக்தி சுமார், மனிதர்களோடு பழகும் பாங்கும் கிடையாது. பார்சன்ஸ் நேரடியாக ‘வேண்டாம்’ என்று சொல்லவில்லை. டாக்டருக்கு என்னென்ன வேண்டும் என்று அவன் வாயாலேயே வரவழைத்து, தன்னைத் தானே அளந்துபார்க்க வைக்கிறார். அதே 1908 செப்டம்பரில் பார்சன்ஸ் இறந்துபோனார். அவருடைய ‘சூஸிங் எ வொகேஷன்’ நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. பள்ளிகளில் இன்று நடக்கும் ‘கரியர் கவுன்சலிங்’குக்கு மூலநூல் அதுதான். அதில் ஒரு குறை உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்பவனுக்கு அந்த வேலையின் வாடை தெரியாது. கேள்வித்தாளால் அதை முகரவைக்கவும் முடியாது.

அந்த வாடையைக் காட்டியவர் ஹெர்மன் ஷ்னைடர். பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில் இளம் ஆசிரியராக இருந்தபோது, ஒரு மாலை நடையில் பக்கத்து இரும்பாலையின் உலை தீக்கக்குவதைக் கண்டு, இவ்வளவு பெரிய ஆய்வுக்கூடம் பக்கத்தில் இருக்கும்போது கல்லூரிக்குள் பொம்மை இயந்திரங்கள் எதற்கு என்று யோசித்தாராம். ‘தாராம்’ என்று முடியும் கதைகளில் இதுவும் ஒன்று. ஆனால் பின்னால் நடந்தது உறுதியானது. சின்சினாட்டி பல்கலைக்கழகத்துக்குப் போன அவர் 1906-ல் 27 பொறியியல் மாணவர்களை ஒரு வாரம் வகுப்பிலும் ஒரு வாரம் தொழிற்சாலையிலும் மாற்றி மாற்றி வைத்தார். சேதி பரவியது. 1908-ல் மாசசூசெட்ஸின் ஃபிட்ச்பர்க் என்ற ஆலை நகரம் அதை உயர்நிலைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது.

ஃபிட்ச்பர்க் ஏற்பாட்டின் நேர்த்தி இன்றும் வியக்கவைக்கிறது. நான்கு ஆண்டுப் படிப்பில் முதல் ஆண்டு முழுக்கப் பள்ளி. பிறகு மூன்று ஆண்டுகள் ஜோடி முறை: ஒரு பையன் ஆலையில் இருக்கும் வாரத்தில் அவனுடைய ஜோடி பள்ளியில் இருப்பான். சனிக்கிழமை பள்ளிப் பையன் ஆலைக்குப் போய், தன் ஜோடி எந்த வேலையை எதுவரை முடித்திருக்கிறான் என்று பார்த்துக்கொள்வான். திங்கள் காலை இயந்திரத்தின் முன் அவன் தடுமாற மாட்டான், முதலாளிக்கும் நஷ்டமில்லை. கூலி உண்டு. பள்ளிக் கணக்கு அந்த இயந்திரத்தின் பல்சக்கரத்தை ஒட்டியே இருக்கும். ஆலைக்கும் வகுப்புக்கும் இடையில் ஓடி, பையன் அங்கே என்ன செய்கிறான் என்று பார்த்துவந்து, அதையே பாடமாக்க ஒரு ஆசிரியர் இருந்தார். சின்சினாட்டியில் ஷ்னைடர் இந்தப் பணிக்கென்றே தனிப் பதவி உருவாக்கியிருந்தார். ‘கோஆர்டினேட்டர்’ என்ற அந்தப் பதவிப்பெயர் இன்றைய இன்டர்ன்ஷிப் அலுவலகங்கள் வரை வந்துவிட்டது.

இவ்வளவு நல்ல தொடக்கம் ஏன் எல்லாப் பள்ளிக்கும் போகவில்லை? ஏனென்றால் அடுத்த பத்து ஆண்டுகளில் அமெரிக்கக் கல்வி இரண்டாகப் பிளந்தது. டேவிட் ஸ்னெடன் போன்ற நிர்வாகிகள், கைவேலைக்குப் போகப்போகும் பிள்ளைக்குத் தனிப் பள்ளி, தனிப் பாடம் என்றார்கள். சிகாகோவின் முன்னாள் கல்வி அதிகாரி எட்வின் கூலி, 1913-ல் இல்லினாய் சட்டமன்றத்தில் அதற்கான மசோதாவுக்கு முயன்றார். ஆலை முதலாளிகள் ஆதரித்தார்கள். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன; தத்துவவாதி ஜான் டூயியும் எதிர்த்தார். தொழிலைப் பள்ளியில் கற்பிப்பதற்கு டூயி எதிரி அல்லர். தொழில் வழியாகத்தான் அறிவியலும் வரலாறும் உயிர்பெறும் என்று எழுதியவர் அவர். இருக்கிற ஆலை ஒழுங்குக்கு ஏற்றபடி பிள்ளைகளை வார்த்தெடுப்பதைத்தான் அவர் மறுத்தார். கூலியின் மசோதா தோற்றது. ஆனால் 1917-ல் வந்த ஸ்மித்-ஹியூஸ் சட்டம் விவசாயம், கைத்தொழில், மனையியல் ஆகியவற்றுக்கு மத்திய அரசின் பணத்தைக் கொட்டியது. தொழிற்கல்விக்குத் தனி வாரியம், தனி ஆசிரியர், தனிக் கூடம். படிக்கிற பிள்ளை ஒரு பக்கம், வேலைக்குப் போகிற பிள்ளை இன்னொரு பக்கம்.

கறுப்பின மக்களிடம் இந்த விவாதம் அதற்கு முன்பே கொதித்துக்கொண்டிருந்தது. கைத்தொழிலே முன்னேற்றத்தின் முதல் படி என்றார் டஸ்கீகி கல்வி நிலையத்தை நடத்திய புக்கர் டி. வாஷிங்டன். அந்தப் படியிலேயே எங்களை நிறுத்திவைக்கப் பார்க்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டார் அறிஞர் டபிள்யூ.ஈ.பி. டுபாய்ஸ். தமிழ்நாட்டு வாசகருக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. 1953-ல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்னது. ‘குலக்கல்வி’ என்று பெயர் வாங்கி, பெரியாரின் எதிர்ப்பில் ஆட்டம் கண்டு, 1954-ல் காமராஜர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. வேலையிடத்தில் கற்பது நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குத் தனியாக விடை கிடையாது. எந்த வேலையிடம் என்று தீர்மானிப்பது யார்? பிறப்பா, ஆலை முதலாளியா, பிள்ளையா? அமெரிக்காவில், ஸ்மித்-ஹியூஸ் சட்டத்துக்குப் பிறகு பிள்ளையின் பக்கம் கேள்வி வந்து சேர அரை நூற்றாண்டு ஆனது.

1969 பிப்ரவரி. பிலடெல்பியாவில் கட்டடமே இல்லாத அரசுப் பள்ளி ஒன்று தொடங்கியது. பெயர் பார்க்வே புரோகிராம். நகரின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பார்க்வே சாலையை ஒட்டி அருங்காட்சியகம், அறிவியல் மையம், நூலகம் எல்லாம் வரிசையாக இருக்கின்றன, அவைதான் வகுப்பறைகள். உயிரியலுக்கு மிருகக்காட்சி சாலை, பத்திரிகைத் தொழிலுக்கு நாளிதழ் அலுவலகம். 140 சொச்சம் மாணவர்களைக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். மதிப்பெண்ணையோ குடும்பத்தையோ பார்க்கவில்லை. இயக்குநர் ஜான் பிரெமர் இங்கிலாந்திலிருந்து வந்தவர். பத்திரிகைகள் கட்டடமற்ற பள்ளி என்ற அதிசயத்தைத்தான் படம் பிடித்தன. அதிகம் பேசப்படாத இன்னொரு ஏற்பாடு உள்ளே இருந்தது. ஏறத்தாழ பதினைந்து மாணவர்களுக்கு ஒரு ஆசிரியர், துணைக்கு ஒரு பயிற்சி ஆசிரியர் என்று சிறு குழுக்கள். ஊரெல்லாம் சுற்றும் பிள்ளைக்குத் திரும்பிவர ஒரு மடி அது. பார்க்வேயின் அந்தப் பதினைந்து என்ற எண்ணைப் பிறகு பிராவிடன்ஸில் மறுபடி சந்திப்போம்.

அடுத்த முயற்சி மேலிருந்து வந்தது. 1971-ல் நியூயார்க்கில் ஷார்லீன் ஹிர்ஷ் தொடங்கிய ‘எக்ஸிக்யூட்டிவ் ஹை ஸ்கூல் இன்டர்ன்ஷிப்ஸ்’ திட்டத்தில், பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒரு செமஸ்டர் முழுக்கப் பள்ளிக்குப் போக வேண்டாம். நகராட்சி அதிகாரி, நீதிபதி, அருங்காட்சியக இயக்குநர் என்று ஒரு பெரிய மனிதருக்கு உதவியாளராக இருப்பார். சம்பளம் கிடையாது, மதிப்பெண் கிரெடிட் உண்டு. திங்கள் முதல் வியாழன் வரை அலுவலகம். வெள்ளிக்கிழமை எல்லா இன்டர்ன்களும் ஒன்றுகூடி, நிர்வாகம் எப்படி முடிவெடுக்கிறது என்று விவாதிப்பார்கள். கூட்டத்தை நடத்த ஒரு ஒருங்கிணைப்பாளர். திட்டம் பல மாநிலங்களுக்குப் பரவியது. இதில் ஒரு நுட்பமான மாற்றம் இருக்கிறது: இன்டர்ன்ஷிப் என்பது படிப்பு ஏறாத பிள்ளைக்கு என்ற எண்ணத்தை இது உடைத்தது. கூடவே ஒரு புதிய ஏற்றத்தாழ்வும் முளைத்தது. சம்பளமில்லாமல் ஒரு செமஸ்டர் ஓட்ட எல்லா வீட்டுக்கும் வசதி இருக்குமா?

அதே 1971 ஜனவரியில் அமெரிக்கக் கல்வி ஆணையர் சிட்னி மார்லண்ட், ஹூஸ்டனில் கூடியிருந்த தலைமையாசிரியர்கள் முன்னால், தொழிற்கல்வி, பொதுக்கல்வி என்ற பிரிவையே ஒழிக்க வேண்டும், ‘கரியர் எஜுகேஷன்’ எல்லாருக்கும் வேண்டும் என்று பேசினார். மத்திய அரசின் பணத்தில் நான்கு ஆய்வு நிறுவனங்கள் மாதிரிப் பள்ளிகளை உருவாக்கின: மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டன், கலிபோர்னியாவின் ஓக்லண்ட், ஓரிகனின் டைகார்ட், பிலடெல்பியா. மாணவர் ஊரில் உள்ள வேலையிடங்களைச் சில நாள், சில வாரம் என்று சுற்றிப் பார்த்து, பிடித்த இடத்தில் ஒரு புராஜெக்ட் செய்வார். படிப்பு கெடவில்லை என்றே மதிப்பீடுகள் சொல்லின. இருந்தும் 1983-ல் ‘எ நேஷன் அட் ரிஸ்க்’ என்ற அரசு அறிக்கை வெளிவந்து, அமெரிக்கப் பள்ளிகள் தரத்தில் மூழ்குகின்றன என்று எச்சரித்ததும் காற்று திரும்பியது. ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு. அதிலும் கூடுதல் மணி நேரம். ஊருக்குள் போகும் மாணவர் நேரத்தை வீணடிப்பவராகத் தெரிந்தார்.

1988-ல் வில்லியம் டி. கிராண்ட் அறக்கட்டளையின் அறிக்கை ஒன்று, கல்லூரிக்குப் போகாத இளைஞர்களை ‘மறக்கப்பட்ட பாதி’ என்று அழைத்தது. ஜெர்மனியின் தொழில் பழகுநர் முறையைப் பார்க்க அதிகாரிகள் கிளம்பினார்கள். 1994 மே மாதம் கிளின்டன் ‘ஸ்கூல்-டு-வொர்க்’ சட்டத்தில் கையெழுத்திட்டார். அதில் வேலையிடக் கற்றலும் வழிகாட்டியும் எழுத்திலேயே இருந்தன. பணம் மாநிலங்களுக்குப் போனது; கூட்டமைப்புகள் உருவாயின; ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. பல பள்ளிகளில் அது, ஒருநாள் மட்டும் கூடவே இருந்து பார்க்கும் ‘ஜாப் ஷேடோ’வாகச் சுருங்கிவிட்டது. பதினான்கு வயதிலேயே பிள்ளையின் தொழிலை அரசாங்கம் முடிவுசெய்யப் பார்க்கிறது என்று வலதுசாரி அமைப்புகள் கூச்சல் போட்டன. 2001 அக்டோபரில் சட்டம் காலாவதியானது. யாரும் புதுப்பிக்கவில்லை. நான்கு மாதம்கூட ஆகவில்லை, புஷ் அரசின் ‘நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்’ சட்டம் தேர்வு மதிப்பெண்களை அரியணையில் ஏற்றியது.

இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவில்தான் மெட் வேர்பிடித்தது.

டென்னிஸ் லிட்கி மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உளவியலிலும் கல்வியியலிலும் டாக்டர் பட்டம் வாங்கியவர். தாடி, தலையில் ஒரு தொப்பி. 1970-களில் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் ஒரு நடுநிலைப் பள்ளியை நடத்திப் பெயர் வாங்கிவிட்டு, எல்லாவற்றையும் விட்டு நியூ ஹாம்ப்ஷயரின் வின்செஸ்டர் என்ற சிற்றூருக்குப் போய், ஒரு குடிசையில் தங்கி, உள்ளூர்ப் பத்திரிகை நடத்தினார். 1981-ல் அந்த ஊரின் தேயர் உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியர் வேலை வந்தது. பாதிப் பிள்ளைகள் ஆர்வமில்லாமல் கிடந்த பள்ளி. லிட்கி ஒவ்வொரு மாணவரையும் தனியாக உட்காரவைத்துப் பேசினார். சிலரை ஊர்க்காரர்களிடம் வேலை பழக அனுப்பினார். பிள்ளைகளுக்குப் பிடித்தது. பெரியவர்களில் ஒரு பிரிவுக்குப் பிடிக்கவில்லை. 1986-ல் பள்ளிக் குழு அவரை வெளியேற்றத் தீர்மானித்தது. வழக்கு, ஊர்க் கூட்டம், தேர்தல் என்று ஓராண்டு அமளி. கடைசியில் அவர் பதவியில் நீடித்தார். இந்தச் சண்டை ஒரு புத்தகமாகி, 1992-ல் ‘எ டவுன் டோர்ன் அபார்ட்’ என்ற தொலைக்காட்சிப் படமாகவும் ஆனது.

தேயரில் அவரோடு பணியாற்றிய எலியட் வாஷரும் அவரும் பிறகு பிராவிடன்ஸ் வந்தார்கள். அங்கே பிரவுன் பல்கலைக்கழகத்தில் பள்ளிச் சீர்திருத்தத்தின் பெருந்தலை தியோடர் சைசர் இருந்தார். மாநிலக் கல்வி ஆணையர் பீட்டர் மெக்வால்டர்ஸ், 1994-ல் வாக்காளர்கள் ஒப்புதல் கொடுத்த தொழிற்கல்விப் பள்ளி வழக்கமான அச்சில் வேண்டாம் என்று நினைத்தவர். சிவிஎஸ் மருந்துக்கடைச் சங்கிலியின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டான்லி கோல்ட்ஸ்டைனும் துணைநின்றார். 1995-ல் லிட்கியும் வாஷரும் ‘பிக் பிக்சர்’ நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1996 செப்டம்பரில் சுமார் ஐம்பது ஒன்பதாம் வகுப்பு மாணவர்களோடு மெட் திறந்தது. பெரும்பாலோர் ஏழைக் குடும்பங்கள். பல வீடுகளில் அப்பா அம்மா கல்லூரி வாசல் மிதித்ததில்லை.

நடைமுறை இப்படி. பள்ளியில் சேர்ந்ததும் மாணவரிடம் வேலை தேர்ந்தெடு என்று யாரும் சொல்வதில்லை. எது பிடிக்கும், ஓய்வு நேரத்தில் என்ன செய்வாய், எதைப் பார்த்தால் கோபம் வரும் என்று கிளறுவார்கள். நாய்க்குட்டி என்றால் கால்நடை மருத்துவமனை, பாட்டு என்றால் ஒலிப்பதிவுக் கூடம் என்று ஒரு திசை தெரியும். அதன்பின் மாணவரே போன் செய்ய வேண்டும். என்ன பேசுவது என்று எழுதிவைத்துக்கொண்டு, வகுப்பில் ஒத்திகை பார்த்து, முதல் மூன்று இடத்தில் ‘இல்லை’ என்று கேட்டு, நான்காவது இடத்தில் ஒரு சந்திப்பு கிடைக்கும். அங்கே பேட்டி எடுப்பதும் மாணவர்தான். பிறகு ஒரு நாள் நிழலாகக் கூடவே இருந்து பார்ப்பார். இருவருக்கும் ஒத்துப்போனால்தான் இன்டர்ன்ஷிப். தொழில் பிடிக்கவில்லை என்று தெரிந்துகொண்டு வெளியேறுவதும் தோல்விக் கணக்கில் வராது. டாக்டர் கனவோடு போன பிள்ளை ஆஸ்பத்திரி வாடையே ஆகாது என்று பதினாறு வயதில் கண்டுகொண்டால், குடும்பத்துக்கு எவ்வளவு பணமும் கண்ணீரும் மிச்சம்!

போய்ச் சேர்ந்தபின் காப்பி வாங்கிவருவதும் ஜெராக்ஸ் எடுப்பதும் கணக்கில் வராது. அந்த இடத்துக்கு உண்மையிலேயே தேவைப்படும் ஒரு வேலையை, வழிகாட்டியும் மாணவரும் பள்ளி ஆசிரியரும் மூவராக உட்கார்ந்து முடிவுசெய்ய வேண்டும். நோயாளிகளுக்கான கையேடு, ஒரு கணக்கெடுப்பு, ஒரு வரைபடம் என்று எதுவாகவும் இருக்கலாம். காலாண்டுக்கு ஒருமுறை மாணவர் தன் வேலையைப் பெற்றோர், வழிகாட்டி, சக மாணவர்கள் முன்னிலையில் வைத்து விளக்குவார். மதிப்பெண் கிடையாது, ஆசிரியர் பக்கம் பக்கமாக எழுதும் மதிப்பீடு உண்டு. கடைசி ஆண்டில் 75 பக்கத்துக்குத் தன் வரலாறு எழுத வேண்டும். பதினெட்டு வயதில் 75 பக்கம் எழுத என்ன இருக்கும் என்று கேட்பவர்கள் ஏழ்மை மிகுந்த தென் பிராவிடன்ஸ் பகுதியில் வளர்ந்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் தாங்கிப் பிடிப்பவர் ‘அட்வைசர்’. அவர் ஒரு பாடத்தின் ஆசிரியர் அல்லர். சுமார் பதினைந்து மாணவர்களை ஒன்பதாம் வகுப்பில் எடுத்துக்கொண்டால் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை நான்கு ஆண்டும் அவர்தான். வீட்டுக்குப் போவார், அம்மாவோடு பேசுவார். செவ்வாயும் வியாழனும் காரை எடுத்துக்கொண்டு பேக்கரியிலிருந்து ஸ்டூடியோவுக்கு, ஸ்டூடியோவிலிருந்து கிளினிக்குக்கு என்று ஓடுவார். பையன் மூன்று வாரமாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறானா, வழிகாட்டி அவனை மறந்துவிட்டாரா, இந்தப் புராஜெக்டில் எங்கே சதவீதக் கணக்கு ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. சின்சினாட்டியின் பழைய கோஆர்டினேட்டரையும் பார்க்வேயின் பதினைந்து பேர் குழுவையும் சேர்த்துப் பிசைந்தால் இவர்தான். மெட்டின் உண்மையான கண்டுபிடிப்பு இன்டர்ன்ஷிப் இல்லை. இந்த அட்வைசர் பதவி. பார்வையாளர்களாக வந்து போன பலர் இதைக் கவனிக்கவில்லை என்பது அவர்கள் ஊருக்குத் திரும்பி நடத்திய திட்டங்களைப் பார்த்தால் தெரியும்.

முதல் அணி 2000-ல் வெளியே வந்தது. அனைவருக்கும் கல்லூரியில் இடம் கிடைத்ததாகப் பள்ளி பெருமையோடு அறிவித்தது. பில் கேட்ஸ் அறக்கட்டளை இதேபோன்ற பள்ளிகளை மற்ற நகரங்களில் தொடங்கப் பணம் தந்தது. ரோட் ஐலண்ட் மாநிலமே பிறகு, 2008-ல் பள்ளி முடிப்பவர்களிலிருந்து, தேர்வோடு செயல்விளக்கமோ தொகுப்பேடோ காட்டித்தான் டிப்ளமா பெற வேண்டும் என்று விதிசெய்தது. 2010 மார்ச்சில் ஒபாமா ஒரு கல்வி உரையில் மெட்டைப் பெயர்சொல்லிப் பாராட்டினார்.

பாராட்டோடு நின்றுவிட்டால் கதை முழுமையாகாது. முதல் குறை கணிதம். எழுத்தும் பேச்சும் இன்டர்ன்ஷிப்பில் தானாக வந்துவிடுகின்றன. அல்ஜீப்ரா அப்படி வருவதில்லை. மாநிலத் தேர்வுகளின் கணித மதிப்பெண் மெட்டை எதிர்ப்பவர்களின் கையில் எப்போதும் ஆயுதமாக இருந்தது. இரண்டாவது குறை இன்னும் வலிக்கக்கூடியது. பாஸ்டன் கல்லூரியின் கேரன் ஆர்னால்டும் அவருடைய குழுவினரும் பிக் பிக்சர் பள்ளிகளில் முடித்தவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். கல்லூரியில் இடம் கிடைத்த ஏழைப் பிள்ளைகளில் கணிசமானவர்கள், பள்ளி முடிந்து கல்லூரி திறக்கும் முன்பான அந்தக் கோடையிலேயே தடம் மாறினார்கள். பண உதவிப் படிவம் புரியவில்லை, முன்பணம் கட்டவில்லை, வீட்டில் ஒரு நெருக்கடி. பள்ளியின் பொறுப்பு ஜூனில் முடிந்துவிட்டது. கல்லூரியின் பொறுப்பு செப்டம்பரில்தான் தொடங்கும். நடுவே போன் எடுக்க யாருமில்லை. அட்வைசர் இல்லாத முதல் மூன்று மாதம் அது. கல்லூரி முடிக்காமல் விட்ட பெரியவர்களுக்கான இடமாகப் பின்னாளில் வளர்ந்த ‘காலேஜ் அன்பவுண்ட்’டை 2009-ல் தொடங்கியதும் இதே லிட்கிதான்.

மெட் திறந்த அதே 1996-ல் சிகாகோவின் பில்சன் பகுதியில் இன்னொரு பள்ளி திறந்தது. மெக்ஸிகோவிலிருந்து வந்த குடும்பங்களுக்காக இயேசு சபையினர் நடத்திய கிறிஸ்டோ ரே. அதன் தலைவர் ஜான் ஃபோலி பெருவில் பல ஆண்டுகள் கழித்த பாதிரியார். கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளை வைத்துத் தனியார் பள்ளி எப்படி நடத்துவது? நான்கு மாணவர்கள் ஒரு முழுநேர அலுவலக வேலையைப் பங்கிட்டுக்கொள்வது என்று முடிவானது. ஆளுக்கு வாரம் ஒரு நாள், மாதத்தில் ஓரிரு நாள் கூடுதல். வங்கியும் வக்கீல் நிறுவனமும் தரும் ஊதியம் பள்ளிக் கட்டணமாக வந்துவிடும். இங்கே மாணவர் தன் ஆசையைத் தேடிப் போவதில்லை. கிடைத்த மேசையில் உட்காருகிறார். ஆனாலும் உயரமான கட்டடத்தின் லிஃப்டில் கோட்டு போட்டவர்களோடு ஏறிப் பழகுவது ஒரு பெரிய பாடம் என்பார்கள் அங்கே படித்தவர்கள். இது கணக்கு உதைக்காத மாதிரி என்பதால் வேகமாகப் பரவி, நாடு முழுக்கக் கிறிஸ்டோ ரே வலையமைப்பாக வளர்ந்தது.

உழைக்கும் இடத்தோடு சேர்ந்த படிப்பால் பலன் உண்டா என்ற கேள்விக்கு உறுதியான பதில் ‘கரியர் அகாடமி’ என்ற மூன்றாவது வகையிலிருந்து வந்தது. 1969-ல் பிலடெல்பியாவில் தொடங்கிய இந்த முறையில் பெரிய பள்ளிக்குள் ஒரு சிறு பிரிவு, ஒரு துறையை மையமாக வைத்து, உள்ளூர் நிறுவனங்களோடு சேர்ந்து இயங்கும். எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பள்ளி முடித்து எட்டு ஆண்டு வரை பின்தொடர்ந்தது. 2008-ல் வந்த முடிவின்படி அகாடமியில் படித்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 11 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். அந்த லாபம் பெரும்பாலும் ஆண்களுக்குத்தான். கல்லூரிப் பட்டம் பெறுவதில் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. வேலையிடத்துக்கு அனுப்பினால் பிள்ளையின் கல்லூரி வாய்ப்பு பாழாகிவிடும் என்ற பழைய பயத்துக்கு இதைவிட நேரான பதில் இதுவரை வந்ததில்லை.

செலவும் சிக்கலும் ரகசியமல்ல. பதினைந்து பிள்ளைகளுக்கு ஒரு அட்வைசர் என்றால் சம்பளப் பட்டியல் நீளும். மெட் பல சிறு பள்ளிகளாகப் பிரிந்து இயங்குகிறது; ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 120 மாணவர்கள்தான். வழிகாட்டிகள் சம்பளம் வாங்காமல் நேரம் தருபவர்கள். ஊரில் அப்படிப்பட்டவர்களைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். பிராவிடன்ஸ் சுமார் 1.9 லட்சம் பேர் வாழும் நகரம், எல்லா இடத்துக்கும் பஸ் போகும். அந்த வசதி இல்லாத ஊரில் இதே திட்டம் போக்குவரத்திலேயே தடுக்கி விழும்.

பள்ளி மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப் என்ற பேச்சு இப்போது நம் பக்கமும் கேட்கிறது. நாளை உங்கள் அலுவலகத்துக்கோ பட்டறைக்கோ ஒரு பதினாறு வயதுப் பிள்ளை போன் செய்து, பக்கத்தில் இருந்து பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டால், சரி வா என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, உன்னை இங்கே வந்து பார்க்கப்போகும் ஆசிரியர் யார், எந்தக் கிழமை வருவார் என்றும் கேளுங்கள். அப்படி ஒருவர் இல்லை என்று பதில் வந்தால், பள்ளிக்கு நீங்களே போன் செய்து ஒருவரை அனுப்பச் சொல்லுங்கள்.